நிலாவில் கால் வைத்தது 20-ஆம் தேதியா, 21-ஆம் தேதியா? ஆண்டு நிறைவுக் கணக்கு: ஓர் எளிய அறிமுகம்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் தினசரிக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. சிவகாசி அச்சு. விடிந்ததும் அதில் ஒரு தாளைக் கிழிப்பது ஆச்சியின் தனி உரிமை. ஜூலை மாதம் ஒருநாள் சாயங்காலம் அக்காள் மகள் அதன் கீழே உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில் வாசிப்பதற்காக ‘வரலாற்றில் இன்று’ எழுதிக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். “1969 ஜூலை 20, மனிதன் முதன்முதலாக நிலாவில் கால் வைத்த நாள்” என்று உரக்கப் படித்துப் பார்த்ததும் ஆச்சி தலையை நீட்டினார்.

“அது திங்கக்கிழமைட்டி. காலைல நான் உலையில அரிசி போட்டுக்கிட்டு இருக்கேன், பக்கத்து வீட்டு ரேடியோவுல சொன்னாவ.”

“இல்ல ஆச்சி, எல்லாத்துலயும் 20-னுதான் போட்டிருக்கு. மாமா, நீங்க சொல்லுங்க.”

பழைய கிழமையைத் தேடிப் பார்த்தேன். 1969 ஜூலை 20 ஞாயிறு. 21-தான் திங்கள். ஆச்சி சொன்னது சரி. அக்காள் மகள் சொன்னதும் சரி. இது எப்படி என்று அவளுக்கு விளக்கப் போய், அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் இதே பேச்சாகிவிட்டது.

முதலில் நிலாக் கணக்கைப் பார்ப்போம். ஆம்ஸ்ட்ராங் போன ஈகிள் கலம் நிலாத் தரையைத் தொட்டது உலகப் பொது நேரப்படி ஜூலை 20 இரவு 8.17 மணிக்கு. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தி ஓடுவது. ஆக, நமக்கு அது 21-ஆம் தேதி அதிகாலை 1.47. உடனே யாரும் கதவைத் திறந்து குதிக்கவில்லை. ஆம்ஸ்ட்ராங் ஏணியில் இறங்கிக் கால் வைக்க மேலும் ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அப்போது நம் ஊர்க் கடிகாரத்தில் திங்கட்கிழமை காலை 8.26. உலை கொதிக்கிற நேரம்தான். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அதே நொடியில் ஞாயிறு இரவு 10.56. விண்கலம் அவர்களுடையது, செய்தி எழுதியவர்களும் அவர்கள். அதனால் அவர்கள் ஊர்த் தேதியே உலகத் தேதியாக நிலைத்துவிட்டது. லண்டன்காரர்களுக்கோ இன்னும் வேடிக்கை: கலம் இறங்கியது 20, கால் பட்டது 21.

நிகழ்வு ஒன்றுதான். தேதிதான் இரண்டு. தேதி நிகழ்வோடு கூடப் பிறப்பதில்லை, பார்க்கிறவர் நிற்கும் ஊரின் கடிகாரம் அதற்கு ஒட்டிவிடுகிற சீட்டு அது.

ஸ்புட்னிக்கும் இப்படித்தான். மனிதன் அனுப்பிய முதல் செயற்கைக்கோள் 1957 அக்டோபர் 4 அன்று ஏவப்பட்டதாகப் படிக்கிறோம். உலக விண்வெளி வாரமே ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியில்தான் தொடங்குகிறது. ஆனால் அது கிளம்பிய உலகப் பொது நேரம் 19.28 மணியை நம் நேரத்துக்கு மாற்றினால் அக்டோபர் 5, நள்ளிரவு தாண்டி 12.58. சந்திரயான்-3 இதற்கு நேர்மாறு. 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு அது நிலாவின் தென்துருவப் பகுதியில் இறங்கியதை நாம் டீ குடித்துக்கொண்டு பார்த்தோம். அந்த நாளைத்தான் தேசிய விண்வெளி நாளாக அறிவித்திருக்கிறார்கள். அதே நேரத்தில் நியூசிலாந்தில் உட்கார்ந்து பார்த்த தமிழருக்கு நாள் மாறிவிட்டது, அவருக்கு 24. இந்த முறை நம் ஊர்த் தேதி உலகத் தேதியாகிவிட்டது. சந்திரயானைச் சுமந்து போன ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினை எரித்துச் சோதித்தது காவல்கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் மகேந்திரகிரியில் என்பதால், எனக்கு இதில் கொஞ்சம் கூடுதல் திருப்தி.

‘நள்ளிரவில்தான் நாள் மாறும்’ என்பதும் எல்லாருக்கும் பொதுவான விதி இல்லை. நம் மரபில் நாள் மாறுவது சூரிய உதயத்தில். எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் சென்னையில் இறந்தது 1921 செப்டம்பர் 11 இரவில், நள்ளிரவு கடந்த பிறகு. உதயக் கணக்கில் அது 11. கடிகாரக் கணக்கில் 12. நினைவு நாள் இரண்டு தேதிகளிலும் அடிபட்டதற்குக் காரணம் இதுதான், யாரும் தப்பாக எழுதிவைத்ததால் அல்ல.

கடலோடிகளுக்கு இந்தச் சிக்கல் முன்பே வந்தது. 1519-இல் மெகல்லன் தலைமையில் ஸ்பெயினிலிருந்து ஐந்து கப்பல்கள் மேற்கு நோக்கிக் கிளம்பின. மெகல்லன் வழியில் பிலிப்பைன்ஸ் தீவுகளில் கொல்லப்பட்டார். மிஞ்சிய விக்டோரியா என்ற ஒரே கப்பல் உலகைச் சுற்றிவிட்டுத் திரும்பும் வழியில், 1522 ஜூலையில் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வர்டே தீவில் நின்றது. கப்பலில் பிகஃபெட்டா என்பவர் ஒருநாள் விடாமல் குறிப்பு எழுதி வந்தவர். அவர் கணக்கில் அன்று புதன்கிழமை. கரையில் கேட்டால் வியாழன் என்றார்கள். அவர் எங்கும் கணக்குத் தவறவில்லை. சூரியன் போகும் திசையிலேயே உலகை ஒரு சுற்று சுற்றியவர்களுக்கு உதயங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைந்துவிடும், அவ்வளவுதான். தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்குத் தோணி விட்டவர்களுக்கு இந்தக் கவலை வந்திருக்காது. அது ஓரிரு நாள் ஓட்டம். உலகத்தையே சுற்றினால்தான் ஒரு நாள் முழுசாகக் காணாமல் போகும். அந்தப் பயணத்தின் 500-ஆம் ஆண்டு நிறைவை 2022-இல் கொண்டாடினார்கள்.

சரி, கடிகாரத்தை விட்டுவிட்டு நாள்காட்டிக்கு வருவோம்.

ஆண்டு நிறைவு என்றால் உண்மையில் என்ன நிறைகிறது? பூமி சூரியனை ஒரு தரம் சுற்றி முடிக்கிறது, அது ஒன்றுதான் இயற்கை தரும் கணக்கு. மற்ற கோள்களுக்கு அவரவர் ஆண்டு. நெப்டியூனை பெர்லினில் தொலைநோக்கி வழியே அடையாளம் கண்டது 1846 செப்டம்பர் 23 இரவு. அது சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 165 ஆண்டுகள் ஆகும். ஆக, கண்டுபிடிக்கப்பட்டதற்கு நெப்டியூன் கணக்கில் ‘முதலாம் ஆண்டு நிறைவு’ வந்ததே 2011-இல்தான்.

பூமியின் சுற்று முழு நாள்களில் முடிந்து தொலைத்தால் தொல்லை இருக்காது. 365 நாள் முடிந்து ஏறத்தாழ ஆறு மணி நேரம் இழுக்கும். அதற்காக நான்கு ஆண்டுக்கு ஒரு நாளைச் சேர்த்தார் ஜூலியஸ் சீசர். அந்த ஆறு மணியும் சரியான ஆறு இல்லை, சுமார் 11 நிமிடம் குறைவு. கடையில் விட்ட சில்லறை மாதிரி இது நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து பத்து நாள் பிசகாகிவிட்டது. 1582-இல் போப் கிரகரி அதைச் சரிக்கட்டினார்: இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளில் அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. இடைப்பட்ட பத்துத் தேதிகளும் அந்த ஊர்களில் கிடையாது. போப் சொல்லி நாங்கள் கேட்பதா என்று இங்கிலாந்து 170 ஆண்டு முறுக்கிக்கொண்டு நின்றது. 1752-இல்தான் இறங்கி வந்தது, அதற்குள் பிசகு 11 நாளாகியிருந்தது.

இதில் மாட்டிக்கொண்டவர் நியூட்டன். அவர் பிறந்தது 1642 கிறிஸ்துமஸ் அன்று என்று ஒரு புத்தகம் சொல்லும், 1643 ஜனவரி 4 என்று இன்னொன்று சொல்லும். முதலாவது அவர் வீட்டுச் சுவரில் இருந்த நாள்காட்டி, இரண்டாவது இன்றைக்கு நம் சுவரில் இருப்பது. கலிலியோ இறந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள், நானும் பல காலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கலிலியோ இறந்தது இத்தாலியின் புதிய நாள்காட்டியில் 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்தது இங்கிலாந்தின் பழைய நாள்காட்டியில் 1642 டிசம்பர் 25. இரண்டையும் ஒரே நாள்காட்டியில் வைத்துப் பார்த்தால், எந்த நாள்காட்டியானாலும் சரி, ஆண்டுகள் வேறுபட்டுவிடும். அழகான கதை. படியளவில் ஒன்றும் மரக்காலில் ஒன்றுமாக அளந்ததால் வந்த கதை.

நம் பக்கம் மூன்றாவது ஓர் அளவும் உண்டு. திருநெல்வேலி, கன்னியாகுமரிக் கல்யாணப் பத்திரிகைகளில் ‘கொல்லம் ஆண்டு’ என்று ஓர் எண் இருக்கும். மதுரை தாண்டிய உறவினர்கள் அது என்ன என்று கேட்பார்கள். கி.பி. 825-இல் தொடங்கிய ஆண்டுக்கணக்கு அது. மலையாள நாட்டில் மட்டுமல்ல, இங்கேயும் பழைய ஓலைகளிலும் பத்திரங்களிலும் அதுதான் புழங்கியது. நம் கணக்கில் ஆவணியில் ஆண்டு பிறக்கும். ஆங்கில ஆண்டு வேண்டுமானால் ஆவணி பிறந்ததில் இருந்து டிசம்பர் வரை 824-ம், ஜனவரியில் இருந்து ஆடி முடிய 825-ம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தது கொல்லம் 1144. சந்திரயான்-3 கிளம்பியது 2023 ஜூலை 14, ஆனி மாதக் கடைசி, அது கொல்லம் 1198. இறங்கியபோது ஆவணி பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஆனால் கொல்லம் 1199 ஆகிவிட்டது. நாற்பது நாள் பயணம்தான், எங்கள் ஆச்சி கணக்கில் அது போன வருசம் புறப்பட்டு இந்த வருசம் போய்ச் சேர்ந்தது.

அப்புறம், தமிழ் மாதக் கணக்கு நட்சத்திரங்களைப் பின்னணியாக வைத்துச் சூரியனை அளக்கிறது. ஆங்கில நாள்காட்டி பருவங்களை வைத்து அளக்கிறது. பூமியின் அச்சு பம்பரம் தள்ளாடுவதுபோல் மிக மெல்லத் தள்ளாடுவதால் இரண்டுக்கும் ஆண்டுக்கு 20 நிமிட வித்தியாசம். ஏறத்தாழ 70 ஆண்டுக்கு ஒரு நாள். ஆகவே ஒரு நிகழ்வை ‘மாசி இத்தனாம் தேதி’ என்று ஒருவரும் ‘பிப்ரவரி இத்தனாம் தேதி’ என்று ஒருவரும் கொண்டாடிக்கொண்டு வந்தால், பேரப்பிள்ளைகள் காலத்தில் இரண்டும் ஒரே நாளில் வராது.

இதுவரை சொன்னதெல்லாம் கணக்குப் பிரச்சினை, உட்கார்ந்தால் தீர்த்துவிடலாம். தீர்க்க முடியாத சிக்கல் ஒன்று இருக்கிறது: எந்தக் கணத்தை ‘அந்த நாள்’ என்று சொல்வது? ராக்கெட் கிளம்ப ஒரு நொடி உண்டு, கப்பல் கரை தட்டவும் ஒரு நொடி உண்டு. கண்டுபிடிப்புக்கு அப்படி ஒரு நொடி கிடையாது.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். சி. வி. ராமனின் பிறந்தநாள் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் பிறந்தது 1888 நவம்பர் 7. பிப்ரவரி 28 என்பது 1928-இல் கல்கத்தாவில் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்ட நாள். ஒளி ஒரு திரவத்தில் பட்டுச் சிதறும்போது பெரும்பகுதி வந்த நிறத்திலேயே சிதறும், மிகச் சிறு பகுதி மட்டும் நிறம் மாறிச் சிதறும். நிறம் எவ்வளவு மாறியது என்று அளந்தால் அந்தத் திரவத்தின் மூலக்கூறு எப்படி அதிர்கிறது என்று தெரியும். அந்தச் சோதனைகளில் ராமனோடு தோள் கொடுத்தவர் கே. எஸ். கிருஷ்ணன். அவர் பிறந்தது வத்திராயிருப்பில், 1898 டிசம்பர் 4. இன்றைக்கு அது விருதுநகர் மாவட்டம். 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்படும் வரை அந்தப் பகுதி திருநெல்வேலிச் சீமைதான், அதனால் அவரை எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

இப்போது தேதிகளைப் பாருங்கள். ‘நேச்சர்’ இதழுக்கு ராமனும் கிருஷ்ணனும் எழுதிய குறிப்பில் போட்டிருக்கும் தேதி பிப்ரவரி 16. நிறமாலைமானி வழியாக, மாறிய நிறம் தனிக் கோடாகப் பிரிந்து நிற்பதைத் தெளிவாகக் கண்டது 28. செய்தி நிறுவனத்துக்குச் சொன்னது மறுநாள், 29. அந்த ஆண்டு லீப் ஆண்டு. பெங்களூரில் விஞ்ஞானிகள் முன் விரிவாகப் பேசியது மார்ச் 16. முதலில் எழுதிய அந்தக் குறிப்பு அச்சில் வந்தது மார்ச் 31. இதற்கிடையில் மாஸ்கோவில் லான்ட்ஸ்பெர்க், மண்டெல்ஷ்டாம் என்ற இருவர் படிகக்கல்லில் இதே விளைவை பிப்ரவரி 21 அன்றே பார்த்துவிட்டார்கள். அவர்கள் அச்சேற்றுவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது.

இத்தனை தேதிகளில் எது ‘அந்த நாள்’? கண்ணால் கண்ட நாளை எடுத்துக்கொண்டோம். என் கணிப்பில் அது நல்ல தேர்வு. 29-ஐ எடுத்திருந்தால் நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் அறிவியல் நாள் வரும், பள்ளிக்கூடக் கண்காட்சிகள் பாதி குறைந்திருக்கும்! ஆனாலும் இது தேர்வுதான். அந்தத் தேர்வும் 1986-இல்தான் செய்யப்பட்டது, முதல் அறிவியல் நாள் 1987. அறிவியல் நாளுக்கே ஒரு வரலாறு உண்டு.

குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதும் ஒரு பிப்ரவரி 28-இல்தான், 2024-இல். தென் திசையில் இலங்கையை வளைத்துக்கொண்டு போகாமல் நேரே துருவப் பாதைக்கு ஏவலாம் என்பதால் அந்த மணல்கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். நாளைக்கு அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பினால், அடிக்கல் நாளை யாரும் நினைக்கப் போவதில்லை. வீடு கட்டினால் வாசக்கால் வைத்த நாளா, பால் காய்ச்சிய நாளா, எது மனதில் நிற்கிறது என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

ஆதிச்சநல்லூருக்கு வந்தால் ‘கண்டுபிடிப்பு’ என்ற சொல்லே கொஞ்சம் உதைக்கிறது. 1876-இல் பெர்லினைச் சேர்ந்த யாகோர் என்பவர் தாமிரபரணிக் கரையின் அந்தப் பரம்பில் தோண்டித் தாழிகளையும் இரும்புப் பொருள்களையும் எடுத்து ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். அதற்கு 150 ஆண்டு நிறைவது 2026-இல். 1899-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார். ஒரு நூற்றாண்டு கழித்து 2004-இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் இறங்கியது. ஆடு மேய்த்தவர்களுக்கும் பரம்பில் சரள் மண் அள்ளியவர்களுக்கும் பானைகள் கிடப்பது எப்போதும் தெரிந்ததுதான். எழுதிவைத்தவர் பெயரில் ஆண்டு நிறைவு வருகிறது.

அங்கே புதைக்கப்பட்டவர்களுக்கோ தேதியே கிடையாது. பக்கத்துச் சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கரிமப் பகுப்பாய்வில் கி.மு. 1155 என்று வந்தது. அப்படி ஒரு எண்ணாகச் சொன்னாலும், அதன் பின்னால் முன்னும் பின்னும் ஒரு இடைவெளி இருக்கும். ‘இந்த நாளில் இறந்தார்’ என்று திவசம் கொடுக்க உதவாது. கரிமக் கணக்கில் ‘இன்றைக்கு இத்தனை ஆண்டுகளுக்கு முன்’ என்று எழுதுவார்கள் பாருங்கள், அந்த ‘இன்று’ எப்போதும் 1950-தான். இன்று என்பது தினமும் நகர்ந்தால் பழைய ஆய்வு எல்லாவற்றையும் திருத்த வேண்டிவரும் என்பதால் அங்கேயே ஆணி அடித்துவிட்டார்கள்.

கி.மு.வில் இருந்து எண்ணும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கி.மு. 1-க்கு அடுத்து கி.பி. 1. நடுவில் பூஜ்ஜிய ஆண்டு இல்லை. கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். இந்த ஒன்று கூடுவதும் குறைவதும்தான் நூற்றாண்டு மலர் போடுகிறவர்களைக் கவிழ்ப்பது. 1947 ஆகஸ்ட் 15-ஐ முதலாவது சுதந்திர தினமாக எண்ணினால் 75-ஆவது சுதந்திர தினம் 2021-இல். 75 ஆண்டுகள் நிறைவது 2022-இல். ‘ஆவது’ வேறு, ‘நிறைவு’ வேறு. குழந்தையின் முதல் பிறந்தநாள் என்று நாம் கேக் வெட்டுவது உண்மையில் இரண்டாவது பிறந்தநாள் என்று அக்காள் மகள் கண்டுபிடித்துச் சொன்னாள். அதற்குப் பிறகு அவளுக்கு நான் விளக்க ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றியது.

மிச்சம் இருந்தது ஆச்சியிடம். 25, 50, 100 என்று உலகம் கொண்டாடுவது விரல் பத்தாக இருப்பதால் வந்த பழக்கம். நம் வீடுகளில் பெரிய நிறைவு என்றால் 60. பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்கள், பிறந்த ஆண்டின் பெயர் திரும்பி வரும்போது அறுபதாம் கல்யாணம். இதில் வானக் கணக்கும் இருக்கிறது. வியாழன் சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 12 ஆண்டு, சனிக்கு ஏறக்குறைய 30. வியாழன் ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடித்து, இரண்டும் கிட்டத்தட்ட பழைய இடங்களுக்கு வருவது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை. துல்லியமாக வராது, ஓர் ஆண்டு போல முந்திக்கொள்ளும். ஆனாலும் 50-க்கும் 100-க்கும் வானத்தில் இந்த அளவுக்குக்கூட ஆதாரம் கிடையாது.

“நிலாவுல எறங்குன வருசம் சௌமிய வருசம்” என்றார் ஆச்சி. காலண்டரைப் பார்க்காமலே சொன்னார். எண்ணிப் பார்த்தேன், சரிதான். சௌமிய மறுபடி பிறப்பது 2029 சித்திரையில்.

அக்காள் மகள் காலைக் கூட்டத்துக்கு எழுதியதை அடித்துத் திருத்தினாள்: “1969 ஜூலை 21, திங்கட்கிழமை, இந்திய நேரப்படி காலை 8.26.” வாசித்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் ஆச்சியிடம் போய், “டீச்சர் 20-தானேன்னு கேட்டாங்க ஆச்சி” என்றாள்.

“நீ என்ன சொன்ன?”

“எங்க ஆச்சி அன்னைக்கு உலை வச்சுக்கிட்டு இருந்தாங்கன்னு சொன்னேன்.”